ரெஜினாவின் எஞ்சின்

தங்கச்சிமடத்து வீட்டின் முன்னறையில், ஜன்னல் கம்பிகளின் நிழல் மேஜைமேல் சாய்ந்து கிடக்கிறது. அதன்மேல் வட்டமாக வளைந்தோடும் பொம்மைத் தண்டவாளத்தின் முன்னால் ரெஜினா கைப்பேசியோடு நிற்கிறாள். தண்டவாளத்திலிருந்து மின்சாரம் வாங்கி ஓடும் எஞ்சின், கடற்காற்றின் உப்பு படியப் படிய, சாணுக்கு ஒருதரம் முரண்டு பிடித்து நின்றுவிடும். எவ்வளவு துடைத்தாலும் அப்படித்தான். அதனால் இன்று எஞ்சினைத் திறந்து, சக்கரத்திலிருந்து மோட்டாருக்குப் போகும் ஒயரை வெட்டிவிட்டாள். உள்ளே ஒரு குட்டி பேட்டரியும், கைப்பேசி சொல்வதைக் கேட்கும் மின்னணுச் சில்லும் வைத்திருக்கிறாள். அவள் கணவன் பிரடெரிக் துபாயில் வேலை பார்த்தபோது அவளுக்காக வாங்கிவந்த எஞ்சின். இருப்பது அது ஒன்றுதான்.

“மோட்டார் எரிஞ்சு போச்சுன்னா என்ன செய்வ?” என்கிறான் பிரடெரிக்.

“எரிஞ்சா எரியட்டுங்க. நின்னு நின்னு போறத இனிமே பாக்க ஏலாது.”

திரையில் கட்டைவிரலை மெல்ல மேலே நகர்த்துகிறாள். எஞ்சின் அசையவில்லை. ஒயர்களைப் பற்றவைத்தபோது ஈயம் உருகிய வாடை இன்னும் அறையில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் நகர்த்துகிறாள். சின்ன முனகலோடு எஞ்சின் கிளம்பி, எறும்பு ஊர்வதைப் போலப் போய், நிற்காமல் வளைவில் திரும்புகிறது. ரெஜினா மூச்சை விடுகிறாள்.

தலைக்கு மேலே மின்விசிறி ஓய்கிறது. “கரண்டு போயிருச்சு,” என்கிறான் பிரடெரிக். எஞ்சின் போய்க்கொண்டிருக்கிறது. விசிறிச் சத்தம் அடங்கிய அறையில், சக்கரங்கள் தண்டவாள இணைப்புகளைத் தாண்டும் டிக் டிக் தெளிவாகக் கேட்கிறது. அவன் நாற்காலியை மேஜையருகே இழுத்துப் போட்டுக் கையை நீட்டுகிறான்.

“இங்கன குடு, நானும் ஓட்டிப் பாக்குறேன்.”

“இருங்க, இன்னொரு சுத்து,” என்கிறாள் ரெஜினா, தலை நிமிராமல்.