மூன்றாம் மாடிக் குழாய்

"கதவைத் திற! உங்க வீட்டுத் தண்ணி என் தலையில சொட்டுது!"

நோதிரா ஸ்பேனரும் கையுமாக ஓடிப்போய்த் திறந்தாள். வாசலில் பருத்த ஓர் அம்மாள், பட்டுத் தலைத்துணி கட்டிக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள்.

"கீழ் வீடா, பெரியம்மா? மன்னிச்சுக்கங்க. குளியலறைக் குழாயை மாத்திக்கிட்டிருக்கேன்."

"நீயா? வீட்டுல ஆம்பளை இல்லையா?"

"அப்பா லாரியோட கஜகஸ்தான் போயிருக்கார். பிளம்பர் திங்கக்கிழமைதான் வருவாராம். நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்க. கை கழுவக் குழாய் வேணாமா?"

"யாரு அப்படிப்பட்ட விருந்தாளி?"

"பொண்ணு பார்க்க." நோதிராவின் காது சிவந்தது.

தாஷ்கண்டின் இந்தப் பழைய அடுக்குமாடிக்கு அவர்கள் குடிவந்து ஒரு மாதம்தான். முந்தைய வீட்டில் ஒரு கூட்டம் பெண் பார்க்க வந்தது. தேநீர் கொடுத்த அவள் நகத்தில் கிரீஸைப் பார்த்ததும், கொண்டுவந்த ரொட்டியை உடைக்காமலே சுருட்டிக்கொண்டு போய்விட்டது. ரொட்டியை உடைத்தால்தானே சம்மதம்! அப்போது அவள் கவலைப்படவில்லை. இந்தத் தடவை வருவது மருந்துக்கடை ஜாசூரின் வீட்டார். ஜாசூரை அவளுக்குப் பிடித்திருந்தது.

"குழாயைத் தொட்டே, நாளைக்கு உன் கையை நான் எங்கடி ஒளிப்பேன்?" என்று திட்டிவிட்டுத்தான் அம்மா சந்தைக்குப் போயிருந்தாள்.

அந்த அம்மாள் குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தரை காய்ஞ்சுதான் இருக்கு, பெரியம்மா. சொட்டினதெல்லாம் வாளியிலதான். கீழே எப்படி வந்துது?"

"பழைய கட்டடம். தண்ணிக்கு வழி சொல்லித் தரணுமா? நீ வேலையைப் பாரு."

"அப்போ இந்த டார்ச்சைப் பிடிங்க."

அம்மாள் ஒரு கணம் முறைத்தாள். பிறகு பிடித்தாள்.

நட்டின் மேல் பச்சைப் பெயின்ட் அடுக்கடுக்காகக் காய்ந்திருந்தது. குடியிருந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பூச்சு பூசிவிட்டுப் போயிருந்தார்கள்.

"விடு மகளே. ஆம்பளை கைக்கே அசையாது."

"ஆம்பளைங்க எடுத்ததும் இழுப்பாங்க, பெரியம்மா. நான் முதல்ல சுரண்டுவேன்."

சுரண்டினாள். மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்தாள். மறுபடி திருகினாள். கிரீச்சென்று நட்டு சுற்றியது.

"அடிப்பாவி!" என்றாள் அம்மாள். டார்ச் ஆடியது.

"வெளிச்சம், வெளிச்சம்! சுவரைப் பார்க்காதீங்க, என் கையைப் பாருங்க."

"அதைத்தான் பார்க்கிறேன். மாமியார் வீட்டுலயும் இப்படித்தான் குழாய் மாத்துவியா?"

"ஒழுகினா மாத்துவேன்." நோதிரா புதுக் குழாயின் மரையில் சணல் நாரைச் சுற்றினாள்.

"கிரீஸ் கையைப் பார்த்துட்டு வேணாம்னு போயிட்டா?"

நோதிராவின் கை நின்றது. "அந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. போயிட்டாங்கன்னா அழுவேன். ஆனா எத்தனை நாள் கையை முதுகுக்குப் பின்னாடியே வெச்சுக்க முடியும், சொல்லுங்க?"

அம்மாள் டார்ச்சை இன்னும் கிட்டே பிடித்தாள். "எங்க வீட்டுலயும் ஒருத்தன் குழாயைத் தொட்டான். சோபா மிதந்துது" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

குழாயைப் பொருத்தி முடுக்கிவிட்டு வால்வைத் திறந்தாள். குழாயின் நீண்ட மூக்கைத் தொட்டிப் பக்கம் திருப்பினாள், தொட்டிக்குள் கொட்டியது. வாஷ்பேசின் பக்கம் திருப்பினாள், அங்கேயும் கொட்டியது. அடைத்துவிட்டு, மூட்டைச் சுற்றிக் காகிதத்தால் ஒற்றினாள். காகிதம் நனையவில்லை.

"ஒரு சொட்டு! எங்கேயாவது ஒரு சொட்டு காட்டுங்க பார்ப்போம்!"

அம்மாள் அந்தக் குழாயில் நிதானமாகக் கை கழுவினாள். பட்டுத் தலைத்துணியிலேயே துடைத்துக்கொண்டாள். தேநீர் குடிக்கச் சொன்னதற்கு, "இன்னிக்கு வேணாம்" என்று சொல்லிப் படி இறங்கிப் போனாள்.

அம்மா சந்தையிலிருந்து திரும்பியதும் நோதிரா கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள். "நானே மாத்தினேன்மா! கீழ் வீட்டுப் பெரியம்மாதான் டார்ச் பிடிச்சாங்க."

"கீழ் வீடா? அது பூட்டிக் கிடந்து ஒரு வருஷமாச்சுன்னு சொன்னாங்களேடி?"

போன் அடித்தது. எடுத்துக் கேட்ட அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஜாசூரோட அம்மா. நாளைக்குப் பொண்ணு பார்க்க வரலையாம்."

நோதிரா கறுத்திருந்த நகங்களை மடக்கிக்கொண்டாள்.

"ரொட்டி உடைக்கத்தான் வர்றாங்களாம்" என்றாள் அம்மா. "பார்க்க வேண்டியதை எல்லாம் டார்ச் பிடிச்சுப் பார்த்துட்டாங்களாம்!"