தொட்டியில் ஒரு விரிசல்

மினசோட்டாவில் முதல் பனி விழுமுன், உள்ளேயே சமைத்துத் தங்கும் தம் முகாம் வண்டியின் தண்ணீர்த் தொட்டியை முற்றிலும் வடித்துவிடுவது லேலண்டின் வழக்கம். வடிக்காவிட்டால் நீர் உறைந்து தொட்டி பிளந்துவிடும்.

இம்முறை வண்டிக்கடியில் நுழைந்தவர், தொட்டியில் ஒரு விரிசலையும் அதன்மேல் ஒட்டுப் போட்டிருப்பதையும் கண்டார். ஜூலையில் வண்டியை இரவல் வாங்கியவர் நண்பர் டெல்மர்; அவரும் அன்று அந்த முகாமில்தான் இருந்தார்.

"உடைச்சதும் இல்லாம ஒட்டி மறைச்சிருக்கியே, நல்ல சிநேகிதன்டா நீ!" என்று முகாமே கேட்கக் கத்தினார். டெல்மர் திரும்பி நடந்தார்.

லேலண்டின் மனைவி மார்லிஸுக்குப் பொறுக்கவில்லை. "போன வருஷம் நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, வடிக்க மறந்தது நீங்கதான். பனியில பிளந்திருந்ததை ஜூலையில வண்டியை வாங்கினப்ப பார்த்து அவர்தான் ஒட்டினாரு. 'அவன்கிட்ட சொல்லிடாதீங்க, மனசு ஒடிஞ்சிடுவான்'னாரு."

கூனிக் குறுகிய லேலண்ட், அத்தனை பேர் முன்னிலையிலும் ஓடிப்போய் டெல்மரின் கையைப் பிடித்தார்.

"உடைச்சது நான்டா. ஒட்டினது நீ. மன்னிச்சிடு."