கடைசியாகத் தொட்டவர்

"ஊரே இருட்டுல கிடக்கு. ஒரு தெருவுக்கு மட்டும் கோடை முழுக்க கரண்ட் போகவே இல்ல. இந்தக் காரியத்தைப் பண்ணின மகராசன் யாரு?"

விசாரணை அதிகாரி கைப்பையை மேஜைமேல் தூக்கிப் போட்டார்.

மின்சார அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் எல்லாரும் திரைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். எந்தத் தெருவுக்கு எப்போது மின்வெட்டு என்று முறைவைத்து முடிவு செய்யும் புரோகிராம் அவர்கள் கையில்தான் இருந்தது. எல்லாத் தெருவும் முறைபோட்டு வியர்த்துக்கொண்டிருக்க, தபாலாபீஸ் பின்தெரு மட்டும் ஜெகஜோதியாக இருந்த விஷயம் வெளியே கசிந்துவிட்டது. காலையில் ஐஸ்கிரீம் கடைக்காரர் உருகிப்போன டப்பாக்களை அலுவலக வாசலிலேயே கொட்டிவிட்டுப் போயிருந்தார்.

"எங்க வீட்லயும்தான் என் பொண்ணு மெழுகுவத்தி வெளிச்சத்துல பரீட்சைக்குப் படிச்சா. எங்க தெருவை விட்டுடுங்கன்னு நான் யார்கிட்டயாவது வந்து நின்னேனா? ஊருக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?" என்றார் அதிகாரி.

டீம் லீடர் கையைப் பிசைந்தபடி பக்கத்தில் வந்து நின்றார். "மேடம், ஒரு புரோகிராம்ல பல பேரு கை வைப்பாங்க. இன்னார்தான்னு சொல்றது..."

"கதை வேண்டாம். ஒவ்வொரு வரியையும் கடைசியா யார் மாத்தினாங்கன்னு கம்ப்யூட்டரே காட்டும், எனக்குத் தெரியும். அதுக்குப் பேரே 'பிளேம்'தானே, பழி போடறது. போடுங்க."

போட்டார். அந்தத் தெருவை மின்வெட்டிலிருந்து விலக்கும் வரி திரையில் வந்தது. பக்கத்தில், புதிதாகச் சேர்ந்த பெண்ணின் பெயர்.

அவள் எழுந்து நின்றாள்.

"யாரும்மா அங்க இருக்கறது? மாமனார் வீடா?"

"நான் எழுதலை மேடம். வரியெல்லாம் கோணல்மாணலா இருந்துச்சு, நேரா அடுக்கி வச்சேன். இடம்விட்டு இடம் நகர்த்தினாலே அதுல என் பேர் வந்துடும்."

"அப்போ அதுக்கு முன்னாடி யாரு?"

பதிவில் ஒரு படி பின்னால் போனார்கள். டீம் லீடரின் பெயர் வந்தது.

"நல்லா இருக்கு சார். இவ்வளவு நேரம் பக்கத்துல நின்னு கையைப் பிசைஞ்சது இதுக்குத்தானா?"

"ஒரு ஃபைல்லேர்ந்து இன்னொரு ஃபைலுக்கு மாத்தினேன் மேடம். அவ்வளவுதான்."

"மாத்தும்போது பார்த்தீங்கல்ல? தூக்கியிருக்கலாமே?"

"பார்த்தேன்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தூக்கலை."

"இன்னும் பின்னால போங்க."

"போக வேண்டாம் மேடம்." மூலையில் இருந்தவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி எழுந்து வந்தார். ஆபீஸில் எல்லாருக்கும் அவர் 'கண்ணாடி'தான். "முதல்ல எழுதினது நான். இவங்களை விட்டுடுங்க."

"உங்க வீடு அங்கதானா?"

"எங்க வீடு ரயில்வே கேட் பக்கம். நேத்துகூட விசிறிக்கிட்டுத்தான் தூங்கினோம்."

"அப்புறம் யாருக்காக? எந்த மந்திரிக்கு வேண்டியவங்க?"

"ஒரு தையல்காரம்மா மேடம். வீட்ல மெஷின் ஓடணும்..."

"ஒரு தையல் மெஷின் ஓடறதுக்காக ஊரை இருட்டுல போட்டீங்களா?"

"தையல் மெஷின் இல்ல மேடம். அவங்க வீட்டுக்காரர் மூச்சு விடற மெஷின். கரண்ட் போனா பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். அப்புறம் அந்தம்மா கையால காத்துப் பையை அழுத்தி அழுத்தி மூச்சு கொடுக்கணும். ஒரு வீட்டுக்கு மட்டும் கரண்ட் விட வழியில்ல. விட்டா தெருவுக்கே விடணும். விட்டேன்."

"நான் போய்ப் பார்த்துட்டு வந்தேன் மேடம்," என்றார் டீம் லீடர். "பார்த்ததுக்கப்புறம் அந்த வரியைத் தூக்கக் கை வரலை."

அதிகாரியின் குரல் இறங்கியது. "அதுக்காக இப்படித் திருட்டுத்தனமா பண்ணணுமா? முறையா மனு கொடுக்க வேண்டியதுதானே?"

"கொடுத்தாங்க. டாக்டர் சர்ட்டிபிகேட்டோட. ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் கேட்பாங்கன்னு தள்ளுபடி பண்ணிட்டாங்க." கண்ணாடி திரும்பி வாசலைப் பார்த்தார். "அன்னிக்கு அந்தம்மா தள்ளுபடிக் காகிதத்தோட இந்தக் கதவுகிட்ட நின்னு கேட்டாங்க. 'கை வலிச்சா எவ்வளவு நேரம் நிறுத்தலாம்னு இதுல எழுதலையே சார்'னு."

புதிய பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதிகாரி மெல்ல உட்கார்ந்தார். ஆனால் கோபம் இன்னும் ஒரு மடங்கு ஏறியிருந்தது.

"மூச்சுக்குத் தவிக்கிற மனுஷனுக்கு இப்படி ஒரு பதிலா? எந்தப் பாவி அது? உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிச்சிருக்கவே மாட்டான். கட்டோட கட்டா கையெழுத்துப் போட்டுத் தள்ளியிருப்பான்."

"மேடம்..."

"இருங்க, நான் பேசிடறேன். எய்தவன் இருக்க அம்பை எதுக்கு நோகணும்? அந்த வரி அப்படியே இருக்கட்டும். அந்த வீட்டுக்கு முறைப்படி அனுமதி நான் வாங்கித் தரேன். என் ரிப்போர்ட்ல உங்க யார் பேரும் வராது. அந்த மனுவைத் தள்ளின ஆள் பேருதான் முதல்ல வரும். வேலையை விட்டே தூக்கச் சொல்லி எழுதறேன்."

பேனாவைத் திறந்து, தாளை இழுத்து வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க. யாரு?"

டீம் லீடர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார். புதிய பெண் தரையைப் பார்த்தாள்.

கண்ணாடிதான் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்போ மனுப் பிரிவுல நீங்கதானே மேடம் இருந்தீங்க."