பக்கத்துக் கேபின்

பக்கத்துக் கேபினில் கணவர் கலியபெருமாள் தொண்டையைச் செருமுவது தடுப்பைத் தாண்டிக் கேட்டது. தையல்நாயகி ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதில் ஒன்றும் ஓடவில்லை.

முதலியார்பேட்டையில் பக்கிரி நடத்தும் பிரவுசிங் சென்டர் அது. ஆளுக்கொரு கேபின், நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. இரண்டு திரையிலும் ஒரே சாட். அதன் மறுமுனையில், பிரான்சில், க்ளெமான்ஸ்.

தையல்நாயகியின் அலுவலகத் தோழி செசிலுக்கு க்ளெமான்ஸ் தம்பி மகள். பிறந்தது இங்கே, படித்தது அங்கே. குடும்பத்துக்குள் மனக்கசப்பு என்று வருகிறவர்களுக்கு இணையத்திலேயே ஆலோசனை சொல்பவள்.

சொல்பவள் என்றுதான் இவர்கள் நினைத்திருந்தார்கள். அவளோ முதல் நாளே கேட்டாள். 'எப்படிப் பேசினா உங்களுக்கு வசதி? நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க.'

கலியபெருமாளுக்கு அது சரியாகப் படவில்லை. வைத்தியம் பார்க்கிறவர் நோயாளியிடம் மருந்தைக் கேட்டால் எப்படி? ஆனாலும் யோசித்து, கேமரா வேண்டாம் என்றார். ஒரே கேபின் வேண்டாம் என்றாள் தையல்நாயகி. தனித்தனியே உட்கார்ந்து எழுதிப் பேசலாம் என்று மூவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

பக்கிரிக்குத்தான் மனசு ஆறவில்லை.

"ஏங்க்கா, ரெண்டு பேரும் ஒரே சிஸ்டத்துல உக்காரக் கூடாதா?"

"உக்கார முடிஞ்சா இங்க எதுக்குப்பா வர்றோம்?"

தையல்நாயகி அலுவலகத்தில் தட்டச்சர். பார்க்காமலே அடிப்பாள். கலியபெருமாள் மில்லில் ஃபிட்டர். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித்தேடிப் பிடிப்பார். அவர் 'நான்' என்று அடித்து முடிப்பதற்குள் அவள் அவருடைய புகாரையும் எழுதி, அதற்குப் பதிலும் எழுதி, தீர்ப்பையும் எழுதிவிடுவாள்.

இதற்கு என்ன செய்யலாம் என்று க்ளெமான்ஸ் அவர்களையே கேட்டாள்.

'அவ கையக் கட்டிப் போடணும் மேடம்' என்று கலியபெருமாள் அடித்தார்.

கடைசியில் மூவருமாக ஒரு விதி போட்டார்கள். அவர் அடித்துக்கொண்டிருக்கிறார் என்று திரையின் அடியில் ஒரு வரி வரும். அந்த வரி தெரிகிறவரை அவள் கீபோர்டைத் தொடக் கூடாது.

அன்றைக்கும் வழக்கு வழக்கம்போலத்தான் ஆரம்பித்தது.

'தினம் ஒரு லிட்டர் பால் வாங்கறாரு பாப்பா. இருக்கறது ரெண்டு பேரு. வேணாம்னா காதுல வாங்கறதில்ல.'

'மீதிப் பால என்ன பண்றீங்க?'

'தெருப் பூனைங்களுக்கு ஊத்தறேன். கொழுத்துப்போய் எலியப் பாத்தா ஒதுங்கி வழி விடுதுங்க.'

கலியபெருமாளின் பதில் ஊர்ந்து வந்து சேர்ந்தது.

'டிவி சத்தம் மேடம். எங்க வீட்டு சீரியலுக்குப் பக்கத்து வீட்ல அழுவறாங்க.'

க்ளெமான்ஸ் சிரிக்கும் பொம்மை முகம் ஒன்றை அனுப்பினாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் தையல்நாயகியும் சிரித்தாள். அந்தப் பக்கமும் சிரிப்புக் கேட்டது. கேட்டதும் இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

சிரிப்பினால் ஒன்றும் மாறிவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் விழுப்புரத்துக்கு, தம்பி வீட்டோடு இருக்கப் போகிறாள். பையில் துணி அடுக்கியாயிற்று. திரும்பி வருவதாக இல்லை.

அதைச் சொன்னபோதும் க்ளெமான்ஸ் போங்கள் என்று சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

'அது உங்க முடிவு. போறதுக்கு முன்னாடி இங்க எதப் பேசிடணும்? ரெண்டு பேருமே சொல்லுங்க.'

'எனக்கு ஒண்ணுமில்ல' என்று தையல்நாயகி உடனே அடித்தாள்.

வெகுநேரம் கழித்து அடுத்த கேபினிலிருந்து வந்தது. 'எனக்கு ஒண்ணு இருக்கு.'

பிறகு அந்த வரி தோன்றியது. அடித்துக்கொண்டிருக்கிறார். மறைந்தது. மறுபடி தோன்றியது.

அவளுக்கு விரல் அரித்தது. என்ன எழுதிவிடப் போகிறார். போகாதே என்பார். அதற்குப் பதிலை அவள் இங்கே வர பஸ் ஏறும் முன்பே தயார் செய்திருந்தாள். விதி என்று ஒன்று இருப்பதால் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

வரி மறைந்தது. ஒன்றும் வரவில்லை. அடுத்த கேபினில் கீபோர்டுச் சத்தமும் இல்லை.

தையல்நாயகி எழுந்து தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

கலியபெருமாள் அசையாமல் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரே ஒரு சொல். அடித்து முடித்துவிட்டார். என்டர் மேல் விரல் இருந்தது. அழுத்தவில்லை.

அவள் சுற்றிக்கொண்டு வந்து அந்தக் கேபினுக்குள் நுழைந்தாள். ஒருவர் உட்காருவதற்கே இடிக்கிற இடம். அவர் நிமிர்ந்து பார்க்காமல் நகர்ந்து பாதி நாற்காலியைக் கொடுத்தார்.

அவர் விரல்மேல் தன் விரலை வைத்து அவள் அழுத்தினாள்.

'கயலு' என்று போயிற்று.

'கயலு யாரு?' என்று கேட்டாள் க்ளெமான்ஸ்.

அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தப் பேச்சை மட்டும் அவளிடம் எடுக்க வேண்டாம் என்று செசிலிடம் இருவருமே கேட்டிருந்தார்கள், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர். மகளின் படத்துக்கு மாலை போட்ட நாளிலிருந்து வீட்டுக்குள்ளும் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை.

தையல்நாயகி கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

கலியபெருமாள் ஒற்றை விரலால் தேடித்தேடி 'எங்க' என்று அடித்தார். அதற்குமேல் எழுத்து அகப்படவில்லை.

அடுத்த சொல்லை அவள் அடித்தாள்.