கிரேன், நிறுத்து

மச்சினன் செட்டை என் மேசைமேல் வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றான். நான் உட்காரச் சொல்லவில்லை.

"பாத்துச் சொல்லுங்க மாமா. அன்னிக்கு இதுல ஒண்ணுமே கேக்கலை."

யார்டில் இந்த வாக்கி டாக்கி செட்டுகளைப் பழுது பார்ப்பவன் நான் ஒருவன்தான். வேறு ஆள் இருந்திருந்தால் மேனேஜர் இதை என்னிடம் தந்திருக்கமாட்டார். சுமை இடித்துச் செத்தது என் மனைவி. கிரேன் ஓட்டியது அவளுடைய தம்பி.

சுமைக்குப் பின்னால் நின்று அவள் மூன்று தடவை "கிரேன், நிறுத்து" என்றாள். யார்டு முழுக்க எல்லா செட்டிலும் கேட்டது. இதே நாற்காலியில் உட்கார்ந்து நானும் கேட்டேன். கேட்கவில்லை என்றவன் இவன் மட்டும்தான்.

அவள் இவனுக்குப் பெண் பார்த்தாள். இவன் வேண்டாம் என்றுவிட்டான். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை, செட்டில் தவிர. கீழே நின்று கிரேனுக்கு வழி சொல்வது அவள் வேலை. செட்டில் இவனுக்குப் பெயர் கிரேன். "கிரேன், தூக்கு." "கிரேன், இடப்பக்கம்." இவனும் "சரி" என்பதற்குமேல் ஒரு சொல் சேர்க்கமாட்டான்.

"அக்காவும் தம்பியும் சம்பளத்துக்குத்தான் பேசிக்கிறாங்க" என்பார் ஃபோர்மேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

இப்போது வேறு பேசுகிறார்கள். அக்கா குரலைக் கேட்கப் பிடிக்காமல் சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பான் என்று. இவன் காதுபடவே.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

செட்டில் கோளாறு இருந்தால் இவன் வீட்டுக்குப் போவான். இல்லையென்றால் போலீஸுக்கு.

பேட்டரியை மாற்றிப் பார்த்தேன். ஆண்டெனாவைக் கழற்றி வேறொன்று மாட்டினேன். சேனலில் தவறில்லை. திருகுகளின் தலையில் புதுக் கீறல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உள்ளே எதையாவது பிடுங்கிவிட்டுக் கோளாறு என்று கொண்டுவந்திருக்கலாம். கீறல் இல்லை. சத்தக் குமிழ் பாதிக்குமேல் திருகியிருந்தது. அதைப் பிறகு திருகியிருக்கலாம். அன்றிலிருந்து செட் இவனிடம்தான் இருந்தது.

மேசையில் கணீரென்று கேட்டது.

"நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

"கேபின்ல வந்து பாருங்க மாமா."

கேபினை அன்றைக்குப் பூட்டியவர்கள் திறக்கவே இல்லை. மேனேஜரிடம் சாவி வாங்கிக்கொண்டு இருவரும் ஏறினோம். உள்ளே பாதி குடித்த தண்ணீர் பாட்டில், கை துடைக்கும் துணி. கண்ணாடியோரம் கிளிப் போட்டு மாட்டிய சின்ன நீல மின்விசிறி. நீளமான ஒயரைச் சுருட்டிக் கறுப்பு பேண்டு ஒன்றால் கட்டியிருந்தது.

"இது யாருது?"

"தெரியலை மாமா. அன்னிக்குக் காலைல ஏறுறப்பவே மாட்டியிருந்துச்சு. சுமையைத் தூக்குனதுக்கப்புறம் புழுக்கமா இருந்துச்சு, போட்டுக்கிட்டேன்."

அவன் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்பவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் நின்ற இடத்தில் ஃபோர்மேனை நிறுத்தி, செட்டில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தேன்.

கேட்டது.

எஞ்சினை ஓட்டச் சொன்னேன். கேட்டது. கதவை இழுத்துச் சாத்தினேன். அப்போதும் கேட்டது. சத்தக் குமிழுக்கு இவன் கை போகிறதா என்பதிலேயே என் கண் இருந்தது. போகவில்லை.

"எல்லாம் கேக்குதேடா."

அவன் நெற்றி வியர்வையைப் புறங்கையால் வழித்தான். பிறகு, யோசிக்காமல், மின்விசிறியைப் போட்டான்.

செட் அடங்கிவிட்டது.

கீழே ஃபோர்மேனின் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

எங்கள் செட்டுகளில் இரைச்சல் வராது. யார்டின் குறியீட்டைச் சுமந்துவரும் குரலுக்கு மட்டும்தான் ஒலிபெருக்கி திறக்கும். அந்தப் பூட்டைத் திறந்துவிட பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினேன். தகரக் கூரைமேல் மழை கொட்டுவதுபோல் இரைச்சல்.

மின்விசிறியின் மலிவான அடாப்டர் செய்த வேலை. அதில் குரல் அமிழ்ந்துபோயிருக்கிறது, குறியீடும் அமிழ்ந்துபோயிருக்கிறது. யாருமே பேசாததுபோல் செட் சும்மா இருந்திருக்கிறது.

நிறுத்தினேன். "நாப்பத்தாறு, நாப்பத்தேழு" என்றார் ஃபோர்மேன். போட்டேன். ஒன்றுமில்லை.

மச்சினன் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து அழுதான். நான் அவன் தோளைத் தொடவில்லை. கை போகவில்லை.

ஃபோர்மேன் மூச்சு வாங்க ஏறி வந்தார். சொன்னேன். மின்விசிறியை ஏதோ பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எவன்யா இதக் கொண்டாந்து மாட்டுனது?"

மச்சினன் நிமிர்ந்தான். "எவன்னு மட்டும் தெரியட்டும் மாமா. அவனை உயிரோட விடமாட்டேன்."

கண்ணாடி வழியே கீழே போகும் ஹெல்மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். இன்று காலைவரை அவர்கள் இவனைப் பார்த்ததுபோல்.

நான் அடாப்டரைப் பிடுங்கினேன். மின்விசிறியைக் கருவிப்பைக்குள் வைத்தேன். கறுப்பு பேண்டில் நீளமான முடி ஒன்று சிக்கியிருந்தது. பேண்டை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் சாவதற்கு முந்தின நாள் சாயங்காலம் இந்த ஒயரின் ஒரு முனையை நான்தான் பிடித்துக்கொண்டேன். அவள் சுருட்டினாள். கட்டுவதற்கு எதுவும் அகப்படாமல் தன் கூந்தலிலிருந்து பேண்டை உருவினாள்.

"நான் வெச்சேன்னு அவன்கிட்ட சொல்லிராதீங்க. தெரிஞ்சா துரை தூக்கி எறிஞ்சுருவாரு."

சொல்லவில்லை.