திருப்பி எடுக்க முடியாது

“அவருக்குத் தெரியவே கூடாதுக்கா. பிறந்தநாள் அன்னைக்குக் கையில குடுத்து அசத்தணும்!”

சிரித்துக்கொண்டே சொன்ன அந்த இளம்பெண், கைப்பைக்குள்ளிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். உள்ளே, கீழே விழுந்து செத்துப்போன லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழசுதான், ஆனால் ஓடும். ஒரு சின்னக் கேஸுக்குள் பொருத்தி யுஎஸ்பி வயரைச் செருகினால் எந்தக் கம்ப்யூட்டரிலும் மாட்டிக்கொள்ளலாம். அவள் கடையில் பாதி நாள் ஓடுவது இந்த வேலையில்தான்.

“தாராளமா பண்ணலாம்மா. குப்பைக்குப் போறதை எக்ஸ்டர்னல் டிரைவா ஆக்கித் தர்றேன்.”

“நீங்களேதானே பண்ணுவீங்க? வேற யார்கிட்டயும் குடுத்துட மாட்டீங்களே?”

“இங்க முதலாளி, தொழிலாளி, கடையைப் பெருக்கறவ எல்லாம் நான் ஒருத்திதான்.”

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, உள்ளே இருப்பது போய்விடாதே என்றுதான். இவள் அதைக் கேட்கவே இல்லை. புதுசாய்க் கல்யாணமானவள், பரிசு கொடுக்கிற ஜோரில் மறந்துவிட்டாள் என்று கடைக்காரி நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அந்தப் பெண்ணின் போன் அடித்தது. திரையில் ஓர் ஆணின் முகம். சட்டென்று துண்டித்துவிட்டாள், ஆனால் அதற்குள் கடைக்காரி பார்த்துவிட்டாள்.

அந்த முகத்தை மறக்க முடியுமா? வருஷக்கணக்காக அதன் பக்கத்தில் தூங்கி எழுந்தவள் ஆயிற்றே.

அவன் போட்டோகிராபர். கேமராவில் ஒரு தூசு விழுந்தால் துடித்துப்போவான். பெண்டாட்டி மேல் கைநீட்டாத நாள் குறைவு. அவள் வீட்டை விட்டு வெளியேறியதும், அவளுக்கு மூளை பிசகிவிட்டது என்று நாக்கில் நரம்பில்லாமல் ஊரெல்லாம் பரப்பினான். அவள் வேலை பார்த்த ஆபீஸ் வரைக்கும் போய்ச் சொன்னான். வேலை போயிற்று. கூடப் பிறந்த அண்ணனே, “ஒரு டாக்டரைத்தான் பாரேன்” என்றான்.

மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டான் என்று கேள்விப்பட்டிருந்தாள். அப்படியானால் இவள்தான் அவள்.

அந்தப் பெண் போனதும் டிஸ்க்கை இணைத்தாள். அவன் பெயரில் ஒரே ஒரு ஃபோல்டர். அவள் அதைத் திறக்கவில்லை. திறப்பானேன்? எடுத்த படங்கள்தான் அவன் உயிர். இன்னொரு காப்பி எடுத்து வை என்றால், “எவனாவது திருடவா?” என்று எரிந்து விழுவான். ஆக, எல்லாம் இந்த ஒன்றில்தான். இதோ, அவள் கைக்குள்.

சும்மா அழித்தால் யாராவது மீட்டுவிடுவார்கள். மூலை முடுக்கு விடாமல் டிஸ்க் முழுவதும் வெறும் பூஜ்யமாக எழுதி நிரப்பும்படி போட்டுவிட்டாள். திரையில் பச்சைக் கோடு ஆமை மாதிரி ஊர்ந்தது. அதன் எதிரிலேயே உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சாப்பாடு ருசித்தது.

டிரைவ் தானாகவே செத்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். மறுநாள் அந்தப் பெண் வந்து நின்றபோது மனசு மாறிவிட்டது. யார் செய்த வேலை என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா?

கேஸை அவள் முன்னால் தள்ளினாள். “உள்ள ஒண்ணும் இல்ல. அழிச்சிட்டேன்.”

“முழுசாவா?”

“முழுசா.”

“திருப்பி எடுக்க முடியாதா? பெரிய கடை எதுக்காவது கொண்டு போனா?”

“எந்தக் கொம்பனாலயும் முடியாது.”

ஒவ்வொரு கேள்விக்கும் கடைக்காரியின் நெஞ்சு குளிர்ந்தது. அந்தப் பெண் பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினாள்.

“அழு. போய் அவனையும் அழச் சொல்லு. யார் செஞ்சதுன்னு கேட்டா, பைத்தியம்னு ஊரைக் கூட்டிச் சொன்னியே, அந்த முதல் பெண்டாட்டிதான்னு சொல்லு!”

“நீங்க யாருன்னு தெரியும்கா.” கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “விசாரிச்சு, தேடிப் பிடிச்சுத்தான் வந்தேன். ‘அவ கையில மட்டும் நான் சிக்கினா என்னை உருத்தெரியாம ஆக்கிடுவா’ன்னு அவன் அடிக்கடி சொல்லுவான். அவன் சொன்னதுலயே நான் நம்பினது அது ஒண்ணைத்தான்.”

கடைக்காரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“எனக்கே தெரியாம என்னை எடுத்த வீடியோவெல்லாம் அதுலதான் வெச்சிருந்தான். வீட்டை விட்டுப் போனா எல்லாருக்கும் அனுப்பிடுவேன்னு திறந்து காட்டி மிரட்டினான். லேப்டாப்பைக் கீழ போட்டது நான்தான். உடைச்சுப் போட்டாலும் எப்படியாவது மீட்டுடுவான், வேற கடையில அழிக்கக் குடுத்தா திறந்து பாப்பாங்களேன்னு பயம்.”

“என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?”

“சொல்லியிருந்தா நீங்களும் திறந்து பாத்திருப்பீங்க.”

“பாத்தா என்ன? எனக்கு என்ன வந்துச்சு?”

அந்தப் பெண் எட்டி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அதுல நீங்களும் இருந்தீங்கக்கா.”