மாடிப்படி மட்டும் வரவில்லை

"வீட்டு பிளான் போட இந்த சாஃப்ட்வேரை அடிச்சுக்க ஆளில்ல சார். சந்தேகம் வந்தா ஸ்கிரீனே சொல்லிக் கொடுத்துடும்" என்றார் கடைக்காரர்.

"அந்தப் பழசு?" என்று கேட்டார் பெரியவர்.

"அதுவா? ஒரே தலைவலி. எதுக்கெடுத்தாலும் கம்பெனிக்கு போன் போட்டு ஆள்கிட்டதான் கேட்கணும்."

"அதையே கொடுங்க."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

மறுநாள் காலை, சத்தமே இல்லாத வீட்டில் பெரியவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். நாற்பது வருடம் கட்டடங்கள் வரைந்த கை. அரை மணி நேரத்தில் மாடிவீடு எழும்பி நின்றது; ஒரு குறை சொல்ல முடியாது.

மாடிப்படியை மட்டும் அழித்துவிட்டு போனை எடுத்தார்.

"வணக்கம் சார், சொல்லுங்க" என்றது ஒரு பெண்குரல்.

"மாடிப்படி வரவே மாட்டேங்குதும்மா. மெதுவாவே சொல்லிக் கொடு, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."